கட்டுரைக்குள் சான்று காட்டும்போது

ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகம் வகுத்த சான்று காட்டும் முறை) 7ஆம் பதிப்பு முறையில் எழுதுகிறீர்களா? பிறர் கருத்தைச் சொந்த நடையில் சொன்னால் ஆசிரியர் பெயரும் ஆண்டும் (குமரன், 2018) போதும். சொற்களை அப்படியே எடுத்தால் பக்க எண்ணும் வேண்டும்: (குமரன், 2018, ப. 45). முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்குப் பிறகுதான். 40 சொற்களும் அதற்கு மேலும் உள்ள மேற்கோளுக்கு இரட்டை மேற்கோள்குறி கிடையாது, தனிப்பத்தியாக 1.27 செ.மீ. உள்தள்ளுங்கள். அங்கே மட்டும் முற்றுப்புள்ளி அடைப்புக்குறிக்கு முன்னால் வரும்.

இரண்டு ஆசிரியர் என்றால் இருவர் பெயரும். மூவரோ அதற்கு மேலோ என்றால் முதல் முறையிலேயே ‘குமரன் மற்றும் பிறர்’.

அதிகம் பார்க்கும் தவறு, நீண்ட பத்தியின் கடைசியில் ஒரே ஒரு அடைப்புக்குறி. எந்த வரி உங்களுடையது, எது எடுத்தது என்று திருத்துபவருக்குத் தெரியாது. திருட்டு என்றே சந்தேகம் வரும். கடன் வாங்கிய கருத்து தொடங்கும் வாக்கியத்திலேயே ‘குமரன் (2018) கூறுவதுபோல்’ என்று பெயரைச் சொல்லிவிடுங்கள்.

மூலத்தைப் படிக்காமல் வேறொரு நூல் வழியாக அறிந்தீர்களா? ‘மேற்கோள் காட்டியவர்’ என்று நீங்கள் படித்த நூலின் ஆசிரியரையும் குறிப்பிடுங்கள். துணைநூற்பட்டியலில் நீங்கள் படித்த நூல் மட்டுமே வரும்.

தமிழ்ப் பெயரில் தலைப்பெழுத்து பெரும்பாலும் தந்தை பெயரைக் குறிக்கும். அதை விரித்துக் குடும்பப்பெயராக்கிவிடாதீர்கள்.