சட்ட மேலவையைக் கொப்பித் தாளில் கட்டிப் பார்ப்போம்

கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். வருடம் தவறாமல் யாராவது கேட்கும் கேள்வி இது: "சேர், எம்.எல்.ஏ. தெரியும். எம்.எல்.சி. என்றால் யார்?" தமிழ்நாட்டுச் செய்தி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பது நியாயம்தான். எம்.எல்.ஏ. சட்டப் பேரவை உறுப்பினர் என்றால், எம்.எல்.சி. சட்ட மேலவை, அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டாம் அவையின் உறுப்பினர். தமிழ்நாட்டுச் சட்ட மேலவை 1986 நவம்பர் 1 அன்று கலைந்து போனது. அதற்குப் பிறகு அங்கே எம்.எல்.சி. என்று ஒருவரும் இல்லை.

ஆனால் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா, மகாராஷ்டிரா, பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய ஆறு மாநிலங்களில் மேலவை இன்றும் இருக்கிறது. அது எப்படி அமைகிறது, என்ன செய்கிறது என்பதை வகுப்பில் செய்வது போலவே இங்கும் செய்வோம். ஒரு கொப்பித் தாள், பென்சில், 40 புளியங்கொட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: எத்தனை கதிரை?

விதி இரண்டே இரண்டு. மேலவையின் எண்ணிக்கை சட்டப் பேரவையின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆனால் எப்படியும் 40க்குக் குறையக் கூடாது. தெலங்கானாவை எடுப்போம். பேரவைக்குத் தேர்தலில் வருபவர்கள் 119 பேர். மூன்றால் பிரித்தால் 39 சொச்சம். 40க்குக் குறையக் கூடாது என்பதால் மேலவைக்கு 40. அதுதான் உங்கள் கையில் உள்ள புளியங்கொட்டை.

படி 2: குவியல் பிரித்தல்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரு மேலவை என்ன செய்யும் என்று கேட்பதற்கு முன்பு, அதில் இருப்பவரை அங்கே அனுப்பியது யார் என்று கேட்க வேண்டும். அனுப்பியவருக்குத்தான் அவர் பதில் சொல்வார். தாளில் ஐந்து வட்டம் வரையுங்கள்.

முதல் வட்டத்தில் 14 கொட்டை. இது மூன்றில் ஒரு பங்கு. இவர்களைத் தெரிவது நகராட்சி முதலிய உள்ளூராட்சி மன்றங்களின் உறுப்பினர்கள். நம் ஊருக்கு மாற்றி நினைத்துப் பாருங்கள்: கரைச்சிப் பிரதேச சபையிலும் புதுக்குடியிருப்புப் பிரதேச சபையிலும் இருக்கும் உறுப்பினர்கள் ஒன்றுசேர்ந்து, சட்டம் செய்யும் அவைக்கு ஆள் அனுப்புகிறார்கள். வடிகாலுக்கும் வீதி விளக்கிற்கும் அலைகிறவருக்குச் சட்டம் இயற்றும் இடத்தில் தன் ஆள் ஒருவர் இருப்பார். ஐந்து வட்டத்திலும் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

இரண்டாவது வட்டத்திலும் 14. இவர்களைப் பேரவை உறுப்பினர்கள், அதாவது எம்.எல்.ஏ.க்கள், தெரிகிறார்கள். ஆனால் தங்களுக்குள் ஒருவரைத் தெரிய முடியாது. வெளியே இருந்துதான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது வட்டத்தில் 3. பன்னிரண்டில் ஒரு பங்கு. பட்டம் பெற்று மூன்று வருடமாவது ஆனவர்கள் வாக்களிப்பார்கள். நான்காவதிலும் 3. மூன்று வருடமாவது படிப்பித்த ஆசிரியர்களின் பங்கு அது. இடைநிலைப் பாடசாலைக்குக் கீழே படிப்பிப்பவர்களுக்கு வாக்கு இல்லை. முதலாம் வகுப்பில் அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கும் ரீச்சரை ஏன் விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கும் அந்த இடம் மனதுக்கு ஒப்பவில்லை.

இங்கே பலர் தடுக்கி விழுவது ஒன்று உண்டு. பட்டதாரித் தொகுதியில் வாக்களிக்கத்தான் பட்டம் வேண்டும், போட்டியிட வேண்டியதில்லை. சென்னைப் பட்டதாரித் தொகுதி பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1972இல் அப்படித்தான் தீர்ப்பளித்தது. போட்டியிட 30 வயது நிறைந்திருக்க வேண்டும்.

மிச்சம் 6 கொட்டை ஐந்தாவது வட்டத்துக்கு. இவர்களை ஆளுநர் நியமிப்பார். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு இயக்கம், சமூக சேவை ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களுக்கான இடம் இது. 1952இல் ராஜாஜி இந்த வழியாக மேலவைக்கு வந்துதான் சென்னை மாநில முதலமைச்சரானார். அப்போது அது பெரிய சர்ச்சையானது.

கூட்டிப் பாருங்கள்: 14, 14, 3, 3, 6. நாற்பதும் சரி.

படி 3: வாக்கை எண்ணுதல்

வாக்குச் சீட்டில் புள்ளடி இல்லை. 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். நமக்கு இது புதிதல்ல. ஜனாதிபதித் தேர்தலில் இதே மாதிரிதான்; 2024 செப்டெம்பரில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வரை எண்ண வேண்டி வந்ததும் நினைவிருக்கும்.

வகுப்பில் 21 பிள்ளைகளை வைத்து, ஒரே ஓர் இடத்துக்குத் தேர்தல் நடத்தினோம். வேட்பாளர்கள் நம் காட்டு மரங்கள்: பாலை, முதிரை, வீரை. வெல்லத் தேவையானது எவ்வளவு? 21ஐ இரண்டால் பிரித்து, முழு எண்ணை எடுத்து, ஒன்று கூட்ட வேண்டும்: 11. முதல் எண்ணிக்கையில் பாலை 9, முதிரை 7, வீரை 5. ஒருவரும் 11ஐத் தொடவில்லை. கடைசியில் நிற்கும் வீரையை விலக்கி, அந்த 5 சீட்டிலும் "2" யாருக்கு என்று பார்த்தோம். நான்கு முதிரைக்கு, ஒன்று பாலைக்கு. முதிரை 11, பாலை 10. முன்னால் நின்ற பாலை தோற்றது. பாலைக்குப் போட்ட ஒரு தங்கச்சிக்கு அது பொறுக்கவே இல்லை. திரும்பவும் எண்ணச் சொன்னாள். எண்ணினோம், அதே 11தான்.

நம் ஜனாதிபதித் தேர்தலோடு ஒரு வித்தியாசம்: நம் தேர்தலில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே தடவையில் விலக்குவோம்; மேலவைத் தேர்தலில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக விலக்கிக்கொண்டு போவார்கள்.

படி 4: பதவிக்காலம்

உறுப்பினருக்கு ஆறு வருடம். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். பேரவையைப் போல இந்த அவையை ஆளுநர் கலைக்க முடியாது.

படி 5: ஒரு சட்டமூலத்தை அனுப்பிப் பார்த்தல்

அங்கே மசோதா என்பார்கள், நாம் சட்டமூலம் என்போம். பேரவை நிறைவேற்றிய சட்டமூலம் ஜனவரி 10 அன்று மேலவைக்கு வருகிறது என்று வைப்போம். மேலவை அதை ஏற்கலாம், திருத்தலாம், நிராகரிக்கலாம், அல்லது ஏப்ரல் 10 வரை, மூன்று மாதம், அப்படியே வைத்திருக்கலாம். அப்புறம் பேரவை அதை இரண்டாம் தடவை நிறைவேற்றி அனுப்பினால் மேலவைக்கு இன்னும் ஒரு மாதம்தான். அதற்குப் பிறகும் இணங்காவிட்டால், பேரவை விரும்பிய வடிவிலேயே அது இரு அவையிலும் நிறைவேறியதாகக் கொள்ளப்படும். டில்லி நாடாளுமன்றத்தில் போல இரு அவையும் கூடியிருந்து முடிவெடுக்கும் கூட்டுக் கூட்டம் மாநிலங்களில் கிடையாது.

வரி, அரசாங்கச் செலவு பற்றிய பணச் சட்டமூலம் என்றால் 14 நாள், அவ்வளவுதான். அரசாங்கத்தைக் கவிழ்க்கும் அதிகாரமும் மேலவைக்கு இல்லை. அமைச்சரவை பேரவைக்குத்தான் பொறுப்பு. ஆகவே மேலவை சட்டத்தைத் தாமதப்படுத்தலாம், தடுக்க முடியாது. இந்த ஒரு வரியைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அடிக்கோடிட்டு வையுங்கள்.

படி 6: உண்டாக்குவதும் நீக்குவதும்

மாநிலப் பேரவை தன் மொத்த உறுப்பினரில் பெரும்பான்மையோடும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கோடும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பிறகு இந்திய நாடாளுமன்றம் சட்டம் செய்தால் மேலவை உண்டாகும், அல்லது போகும். ஆந்திராவில் 1985இல் போனது, 2007இல் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 2010இல் மீண்டும் கொண்டுவரச் சட்டம்கூட வந்தது; 2011இல் ஆட்சி மாறியதும் அந்த முயற்சி நின்றது.

நமக்கும் ஒரு மேலவை இருந்தது. 1947 முதல் 1971 வரை செனற் சபை: 30 பேர், 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிந்தது, 15 பேர் நியமனம். 1960இல் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க அதன் உறுப்பினராக இருந்துதான் அந்தப் பதவியை வகித்தார். 2017இல் புதிய அரசியலமைப்புக்கான இடைக்கால அறிக்கை மறுபடியும் ஓர் இரண்டாம் அவையைப் பற்றிப் பேசியது: 55 பேர், அதில் 45 பேரை ஒன்பது மாகாண சபைகளும் ஐந்தைந்தாக அனுப்புவது. வடக்கும் 5, மேற்கும் 5. இரண்டாம் படியில் கேட்ட அதே கேள்வியை இதற்கும் கேட்டுப் பாருங்கள்.

இனி உங்களுக்கு இரண்டு கணக்கு.

முதலாவது: வட மாகாண சபைக்கு 38 உறுப்பினர். இந்திய விதிப்படி அதற்கு ஒரு மேலவை அமைத்தால் எத்தனை பேர்? மூன்றில் ஒரு பங்கு என்று பார்த்தால் 12தான் வரும். 40க்குக் குறையக் கூடாது என்ற விதியோ அதை விடாது. மேலவை கீழவையை விடப் பெரிதாகிவிடும்!

இரண்டாவது: உத்தரப் பிரதேச மேலவைக்கு 100 பேர். ஐந்து வட்டத்துக்கும் பிரித்துவிட்டு உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்: உள்ளூராட்சி 36, பேரவை 38, பட்டதாரிகள் 8, ஆசிரியர்கள் 8, நியமனம் 10. உங்கள் விடை கொஞ்சம் விலகியிருந்தால் பயப்பட வேண்டாம். அரசியலமைப்பே பங்குகளை "ஏறத்தாழ" என்றுதான் சொல்கிறது.