குன்னூர் குளிரில் எக்ஸாஸ்ட் ஃபேன் புஷ்ஷுக்கு எண்ணெய் போடுவது எப்படி?

எங்கள் குன்னூர் வீட்டில் சீலிங் ஃபேன் கிடையாது. சுற்றுகிற ஒரே ஃபேன் சமையலறை எக்ஸாஸ்ட்தான். போன டிசம்பரில் காலையில் சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுவிடும். குச்சியால் தள்ளினால் சுற்றும்; அடுப்பு எரிந்து சமையலறை சூடான பிறகு தானாகவே ஓடும். காரணம் நான்தான். ஐப்பசி மழையில் கிறீச் சத்தம் வந்தபோது, கைக்குக் கிடைத்த தேங்காய் எண்ணெயை நாலு சொட்டு விட்டிருந்தேன். அது 24 டிகிரி வாக்கிலேயே உறையும். தலைக்குத் தேய்க்கவே பாட்டிலை அடுப்போரம் வைத்து உருக்குகிற ஊரில் அதைப் போய் மோட்டாருக்கு விட்டேன் பாருங்கள்!

முதலில் கரண்டைத் துண்டிக்க, மெயின் போர்டில் உள்ள எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, இறக்கையை விரலால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் எண்ணெய் வேலை. லேசாகச் சுற்றியும் கரண்டில் கிளம்பவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் (கெபாசிட்டர்) கோளாறு. அதற்கு எண்ணெய் விட்டுப் பயனில்லை.

வயர் இணைப்பை போட்டோ எடுத்துக்கொண்டு ஃபேனை இறக்குங்கள். இறக்கையைக் கழற்றியதும், மோட்டாரின் முன்மூடி, உடம்பு, பின்மூடி மூன்றுக்கும் சேர்த்து ஆணியால் ஒரு கோடு கீறுங்கள். திரும்ப மாட்டும்போது அதே இடத்தில் பொருத்த அது உதவும். பிறகு ஸ்க்ரூக்களைக் கழற்றி மூடிகளைப் பிரித்து, ஷாஃப்டில் (நடுவே சுற்றும் தண்டில்) எந்தப் பக்கம் எத்தனை வாஷர் என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் ஷாஃப்டில் பழைய எண்ணெய் வெல்லப்பாகு போல ஒட்டியிருந்தது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்தால் போதும், உப்புத்தாள் போடாதீர்கள். காயிலில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருளில்) மண்ணெண்ணெய் படக்கூடாது. ஷாஃப்டின் இரு முனைகளையும் தாங்கும் உலோகக் குழல்தான் புஷ். அதைச் சுற்றியுள்ள கம்பளி வளையத்தையும் பிழிந்து காயவையுங்கள்.

எண்ணெய் என்றால் எஸ்ஏஇ 20 மெஷின் ஆயில். தையல் மெஷின் எண்ணெய் ஆபத்துக்கு உதவும், ஆனால் சீக்கிரம் வற்றிவிடும். டபிள்யூடி-40 துரு விடுவிக்க நல்லது, மசகாக நிற்காது. கிரீஸ் வேண்டவே வேண்டாம். இந்த புஷ் வெண்கலத் தூளை அழுத்திச் செய்தது. அதன் நுண்துளைகள் எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கசியவிடும். கிரீஸ் அவற்றை அடைத்துவிடும். வளையம் நனைய ஐந்தாறு சொட்டு விட்டு, அரை மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் விடுங்கள்.

இனி நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தொலைத்த இடம். மூடி போட்டு நாலு ஸ்க்ரூவையும் முடுக்கினால், அதுவரை வழுக்கிக்கொண்டு சுற்றிய ஷாஃப்ட் கல்லாகிவிட்டது. மூன்று தடவை பிரித்து மாட்டினேன். புஷ் இரண்டும் நேர்க்கோட்டில் உட்காராததுதான் கோளாறு. ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கால் சுற்று மட்டும் முடுக்குங்கள். ஒவ்வொரு முறையும் ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் ஸ்க்ரூ டிரைவரின் மரப்பிடியால் மூடியின் ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். 'டக்'கென்று உட்கார்ந்து ஷாஃப்ட் விடுபடும்.

பிறகு சேர்த்தது: மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அக்கா, "ஏர் கூலருக்கும் இதேதானாடா?" என்று கேட்டாள். புஷ் வைத்த ஃபேன் மோட்டார் என்றால் இதேதான், தொட்டித் தண்ணீரை முதலில் வடித்துவிட வேண்டும். புஷ்ஷுக்குப் பதில் மூடிய பால் பேரிங் (உள்ளே குண்டுகள் உருளும் வளையம்) என்றால் எண்ணெய் விடாமல், அதே நம்பரில் புதிதாக மாற்றிவிடலாம். தண்ணீருக்குள் கிடக்கும் பம்புக்கு ஒரு சொட்டுகூட விடாதீர்கள். அவள் ஏற்கெனவே விட்டுவிட்டாளாம். இரண்டு நாளாக அறை முழுக்க எண்ணெய் வாடை.