கர்ப்பகாலத்தில் வீட்டிலேயே யோகா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் யோகா செய்வதில் உள்ள பெரிய குறை, பக்கத்தில் இருந்து பார்க்க யாரும் இல்லாததுதான். வகுப்பில் முட்டி கோணலாகப் போனாலும், மூச்சு வாங்கினாலும், முகம் வெளிறினாலும் ஆசிரியர் கண்ணில் பட்டுவிடும். வீட்டில் அந்த வேலையையும் நீங்களே செய்ய வேண்டும். மற்ற நாட்களில் அது சமாளிக்கக்கூடியதே. கர்ப்பகாலத்தில் உடம்பு வழக்கமாகத் தரும் எச்சரிக்கைகளே மாறிவிடுகின்றன. "இவ்வளவு போதும்" என்று இழுத்துப் பிடிக்கும் இடம் பிடிக்காமல் விட்டுவிடும். இதுவரை சுகமாக இருந்த ஒரு நிலை தலைசுற்ற வைக்கும். வீட்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்து வருபவைதான்.

முதலில், கேட்காமல் தொடங்குவது. "யோகாதானே, மெதுவாகத்தானே செய்யப்போகிறேன்" என்று பலர் மருத்துவரிடம் சொல்வதே இல்லை. நஞ்சுக்கொடி கீழிறங்கிக் கருப்பை வாயை மறைத்திருந்தால், கருப்பை வாய் பலவீனமாக இருந்தோ அதற்குத் தையல் போட்டோ இருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், கர்ப்பத்தால் ரத்த அழுத்தம் ஏறியிருந்தால், குறைமாதப் பிரசவம் ஆகும் வாய்ப்பு இருந்தால், கடுமையான ரத்தசோகையோ இதய நோயோ இருந்தால் பயிற்சியே வேண்டாம் என்று மருத்துவர் சொல்லக்கூடும். இரட்டைக் குழந்தை என்றாலும் கேட்டே ஆக வேண்டும். இன்னொன்று: ஒருமுறை கேட்டால் போதாது. மூன்றாம் மாதம் கிடைத்த அனுமதி ஏழாம் மாதத்துக்கும் செல்லும் என்று இல்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்குப் பிறகும் "நான் செய்வதைத் தொடரலாமா?" என்று கேளுங்கள். செய்யும் ஆசனங்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்கும் பதில் சொல்ல எளிது.

நன்றாக வளைகிறதே என்று நம்பிப் போவது

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தத் தவறுதான். கர்ப்பத்தில் ரிலாக்ஸின் முதலான ஹார்மோன்கள் மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்களைத் தளர்த்துகின்றன. வயிறு வெளியே தெரிவதற்கு முன்பே, முதல் மூன்று மாதங்களிலேயே ரிலாக்ஸின் அளவு ஏறிவிடுகிறது. அதனால் இதுவரை தரையைத் தொடாத முட்டி திடீரென்று தொடும். பயிற்சி பலன் தருகிறது என்று மகிழ்ந்து இன்னும் கொஞ்சம் அழுத்துவோம். அந்த நேரத்தில் வலிக்காது. மறுநாள் படுக்கையில் புரளும்போதோ, மாடிப்படி ஏறும்போதோ, ஒற்றைக் காலில் நின்று உடை மாட்டும்போதோ இடுப்பெலும்பின் முன்பக்கமோ பின்பக்கமோ சுரீர் என்று வலிக்கும். சிலருக்கு அந்த வலி பிரசவம் வரைக்கும் நீடித்துவிடுகிறது.

ஆகவே, முடிந்த தூரம் வரை போவது என்ற எண்ணத்தையே இந்த மாதங்களில் விட்டுவிட வேண்டும். போகக்கூடிய தூரத்தில் முக்கால்வாசியோடு நிறுத்துங்கள். பாதங்களைச் சேர்த்து முட்டிகளை விரித்து பத்த கோணாசனத்தில் உட்காரும்போது இரண்டு முட்டிக்கு அடியிலும் தலையணை வையுங்கள். முட்டியைக் கையால் அழுத்துவதும், சிறகடிப்பது போல் வேகமாக ஆட்டுவதும் வேண்டாம். "முதுகை லேசாக அழுத்திவிடுங்கள்" என்று வீட்டில் இருப்பவரிடம் கேட்பது அதைவிட மோசம், எங்கே நிறுத்துவது என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. ஏற்கெனவே இடுப்பெலும்பில் வலி இருந்தால் கால்களை அகல விரிக்கும் ஆசனங்களையும் ஒற்றைக் காலில் நிற்பவற்றையும் தள்ளிவையுங்கள். படுக்கையில் புரளும்போது முட்டிகளைச் சேர்த்து வைத்துத் திரும்பினால் வலி குறையும்.

வலி இல்லாதவர்கள் நின்று செய்யும் ஆசனங்களைத் தொடரலாம், ஆனால் சுவரை ஒட்டி. வயிறு பெரிதாக ஆக உடம்பின் எடை முன்னால் நகர்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் பல வருடம் அசையாமல் நின்றவர்களுக்கும் தடுமாறும். அசையாமல் வெகுநேரம் நிற்பதும் நல்லதல்ல. ரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரலாம்.

மல்லாந்து படுத்தே முடிப்பது

யோகா என்றால் கடைசியில் உடம்பைத் தளர்த்தி ஓய்வெடுக்கும் சவாசனம். அதுவும் மல்லாந்து. வீடியோவிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் சுமார் 20 வாரத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்தால், கருப்பையின் எடை முதுகெலும்பை ஒட்டி ஓடும் கீழ்ப்பெருஞ்சிரையை அழுத்தும். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல், வியர்வை வரும். சிலருக்கு எதுவுமே தெரியாது. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

இடது பக்கமாகச் சரிந்து படுங்கள். முட்டிகளுக்கு நடுவே ஒரு தலையணை, தலைக்கு ஒன்று, வயிற்றுக்கு அடியில் மடித்த துணி. அது முழுமையான சவாசனம்தான், குறைத்துக்கொண்டது அல்ல. எழுந்திருக்கும்போது நேராக நிமிராமல், பக்கவாட்டில் இருந்தபடியே கையை ஊன்றி எழுந்து, கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு நில்லுங்கள். இரவில் விழித்துப் பார்த்தால் மல்லாந்து கிடக்கிறீர்கள் என்றால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

மூச்சை அடக்குவது

கர்ப்பத்தில் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமார் 20 சதவீதம் கூடுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் மிச்சம் இருக்கும் காற்றோ குறைகிறது. படியேறினாலே மூச்சு வாங்குவது இதனால்தான். இந்த நிலையில் கும்பகம் செய்வது, அதாவது எண்ணிக்கை வைத்து மூச்சை உள்ளேயோ வெளியேயோ நிறுத்துவது வேண்டாம். வயிற்றை உலுக்கும் கபாலபாதி, பஸ்த்ரிகா, அக்னிசாரம், உட்டியாண பந்தம், நௌலி எல்லாவற்றையும் பிரசவம் முடிந்து உடம்பு தேறும் வரை ஒதுக்கிவையுங்கள். மூச்சை நிறுத்தாமல், மூக்குத் துளைகளை மாற்றி மாற்றிச் செய்யும் நாடி சுத்தியும், வண்டு போல் ரீங்கரித்து மூச்சை விடும் பிராமரியும் போதும். உண்மையில் பிரசவ வலியின்போது கைகொடுப்பது நீளமாக மூச்சை வெளியே விடப் பழகியிருப்பதுதான்.

தெரியாமலே மூச்சை அடக்குவதும் உண்டு. ஆசனத்தில் சிரமப்படும்போது பல்லைக் கடித்து மூச்சைப் பிடிப்போம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பயிற்சியின் நடுவே சத்தமாக ஒரு முழு வாக்கியம் பேசிப் பார்ப்பது. பேச முடியவில்லை என்றால் அளவு மீறிவிட்டது.

எந்த வீடியோ என்று பார்க்காமல் பின்பற்றுவது

எல்லோருக்குமான யோகா வீடியோவை வைத்துக்கொண்டு "முடியாததை விட்டுவிடலாம்" என்று நினைப்பது சரிவராது. விட வேண்டியது எது என்று அந்த வீடியோ சொல்லாது. சூரிய நமஸ்காரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு நிலைகளில் அஷ்டாங்க நமஸ்காரமும் புஜங்காசனமும் வயிற்றுப் பக்கம் தரையை நோக்கிச் செய்பவை. தலை கீழே போய் மேலே வரும் வேகமும் ஒத்துவராது, ஏனென்றால் நடுமாதங்களில் பலருக்கு ரத்த அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கியிருக்கும். தனுராசனம், சலபாசனம் போன்ற குப்புறப் படுப்பவை, வயிற்றை நசுக்கும் முறுக்கு ஆசனங்கள், நாவாசனம் போல வயிற்றுத் தசைகளை இறுக்குபவை, சிரசாசனம், சர்வாங்காசனம் இவையெல்லாம் வேண்டாம். திரும்ப வேண்டும் என்றால் இடுப்பை அசைக்காமல் தோள்களை மட்டும் திருப்பலாம். குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை என்று, யாரோ சொன்னதைக் கேட்டு வீட்டில் தனியாகத் தலைகீழ் ஆசனம் முயல்வது ஆபத்து. அது மருத்துவரோடு பேச வேண்டிய விஷயம்.

அறையின் சூட்டையும் கவனியுங்கள். முதல் வாரங்களில் தாயின் உடல் வெப்பம் 39 டிகிரி செல்சியஸுக்கு மேல் போவது, குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாவதைப் பாதிக்கலாம். சூடேற்றிய அறையில் செய்யும் யோகா வேண்டவே வேண்டாம். காற்றோட்டம் இருக்கட்டும், தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வெறும் வயிற்றில்தான் செய்ய வேண்டும் என்ற பழைய விதியையும் தளர்த்திக்கொள்ளலாம். லேசாகச் சாப்பிட்டுவிட்டுச் செய்வது மயக்கத்தைத் தடுக்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டுப் பயந்து எல்லாவற்றையும் நிறுத்துவதும் தவறுதான். 2015இல் வெளியான ஓர் ஆய்வில், 35 வாரம் தாண்டிய 25 ஆரோக்கியமான கர்ப்பிணிகள் 26 ஆசனங்களைச் செய்தபோது குழந்தைகளின் இதயத் துடிப்பு இயல்பாகவே இருந்தது. அவர்கள் பக்கத்தில் பயிற்சியாளர் இருந்தார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பொதுவாகச் சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி நல்லது என்பதே மருத்துவர்களின் பரிந்துரை. முட்டியும் கையும் ஊன்றி முதுகை மெல்ல மேலும் கீழும் அசைக்கும் மார்ஜாரி ஆசனம், முட்டிகளை அகற்றி மண்டியிட்டு முன்னால் குனியும் பாலாசனம், சுவரோரம் நேராக நிற்கும் தாடாசனம், அப்புறம் பக்கவாட்டுச் சவாசனம். தினமும் இருபது நிமிடத்துக்கு இது தாராளம்.

யோகா செய்தால் சுகப்பிரசவம் உறுதி என்று நம்புவதும், அப்படிச் சொல்லி மற்றவர்கள் உங்களை நெருக்குவதும் எனக்கு வருத்தம் தரும் விஷயம். பயிற்சி முதுகுவலியைக் குறைக்கலாம், தூக்கத்துக்கும் மன அமைதிக்கும் உதவலாம். குழந்தை எந்த நிலையில் இருக்கிறது, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்பதை அது தீர்மானிப்பதில்லை. ஒழுங்காகப் பயிற்சி செய்த ஒரு பெண்ணுக்குச் சிசேரியன் ஆனால், அவள் எங்கும் தவறவில்லை.

பயிற்சியை அந்த நொடியே நிறுத்த வேண்டிய அறிகுறிகள் சில உண்டு: ரத்தக்கசிவு, நீர் கசிவது, விட்டுவிட்டு வரும் வயிற்று வலி, நெஞ்சுவலி, ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சுத் திணறல், கடுமையான தலைவலி, பார்வை மங்குவது, ஒரு காலின் ஆடுசதையில் மட்டும் வலியோ வீக்கமோ, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் "இந்த ஒரு ஆசனத்தை முடித்துவிட்டுப் பார்க்கலாம்" என்று நினைக்காமல் மருத்துவமனைக்கு அழையுங்கள். அதற்காகவே போனை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிடாமல் பாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.