கிறிஸ்துமஸுக்குச் சின்னப் பிள்ளைகளோடு காகித வேலை: எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம்

டிசம்பர் பிறந்ததும் யூடியூபைத் திறந்தால் காகிதத்தில் மான், காகிதத்தில் மலர் வளையம், காகிதத்தில் பனி வீடு என்று வரிசையாக வந்து நிற்கும். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் பாதியை மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து செய்ய ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் அம்மா வெட்டிக்கொண்டிருப்பார், அப்பா ஒட்டிக்கொண்டிருப்பார், பிள்ளை எழுந்து வேறு எங்கோ போயிருக்கும். அதனால் ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் பிள்ளை தன் கையால் தனியாகச் செய்ய என்ன இருக்கிறது? கடைசியில் ஒரு பொட்டு ஒட்டுவது மட்டும்தான் மிச்சம் என்றால் அந்த வேலை வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

பொதுவாக இரண்டு, இரண்டரை வயதில் கிழிக்க வரும், கசக்க வரும், பசை தடவின இடத்தில் எதையாவது அமுக்க வரும். மூன்று வயதை ஒட்டி, அகலம் குறைந்த பட்டையைக் கொடுத்தால் கத்தரிக்கோலால் ஒரே நறுக்கில் துண்டாக்க வரும். நாலு, நாலரையில் கோடு போட்டுக் கொடுத்தால் நேராக வெட்டுவார்கள். வட்டமும் வளைவும் ஐந்துக்கு மேல்தான். இது பிள்ளைக்குப் பிள்ளை மாறும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம். இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளை என்றால் சாதாரணக் கத்தரிக்கோலில் வெட்டுகிற கோடு அதற்குத் தெரியாமல் மறைந்துவிடும், அதற்கென்று இடது கைக் கத்தரிக்கோல் கிடைக்கிறது, ஒன்று வாங்கி வைத்துவிடுங்கள்.

பொருட்களுக்குப் பெரிய செலவு வேண்டாம். கலர் பேப்பர் ஒரு கட்டு, ஒன்றிரண்டு சார்ட் அட்டை, நோட்டுக்கு அட்டை போட்ட பிரவுன் ஷீட்டின் மிச்சம், போன வருஷத்து மாதக் காலண்டர், ஜிகினாவும் தங்க அச்சுமாக வந்து குவிந்திருக்கும் கல்யாணப் பத்திரிகைகள். இந்தப் பத்திரிகை அட்டைகளைத் தூக்கிப் போடாதீர்கள், ராஜாக்களின் கிரீடத்துக்கு அதைவிட நல்ல தாள் கடையில் கிடைக்காது. முனை மழுங்கின கத்தரிக்கோல், பழைய துணி, விரிக்கப் பழைய பேப்பர். அவ்வளவுதான்.

பசை விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். ஃபெவிகால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காய நேரமெடுக்கும், பிள்ளைகளுக்குக் காத்திருக்கிற பொறுமை இருக்காது. வேகமாக ஒட்ட வேண்டியதற்குக் குச்சிப் பசை வசதி. நிறைய ஒட்டப் போகிறீர்கள் என்றால் மைதாப் பசை காய்ச்சிவிடுங்கள்: ஒரு கரண்டி மைதா, ஐந்து கரண்டி பச்சைத் தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்து அப்புறம்தான் அடுப்பில் வைக்க வேண்டும், சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் வெள்ளை நிறம் மங்கி கண்ணாடி மாதிரி கெட்டியாகி வரும், அதுதான் பதம். பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் போடும் பழக்கம் உண்டு. சின்னப் பிள்ளைகள் தொடுகிற பசையில் அதைப் போடவே கூடாது, அது விஷம், இவர்களோ விரலை வாயில் வைக்காமல் இருக்கமாட்டார்கள். துத்தம் போடாத பசை இரண்டு நாளில் புளித்துவிடும், ஆகவே அன்றன்றைக்குக் கொஞ்சமாகக் காய்ச்சினால் போதும்.

முதலில் செய்ய வேண்டியது சங்கிலி. டிசம்பர் 1 வருவதற்குள் செய்து முடித்தால் கிறிஸ்துமஸ் வரைக்கும் நாள் எண்ணவும் அதுவே உதவும். ஏ4 தாளை, நீளம் 21 சென்டிமீட்டரும் அகலம் 3 சென்டிமீட்டரும் இருக்கும்படி குறுக்கே பட்டைகளாக வெட்டினால் ஒரு தாளில் ஒன்பது பட்டை வரும். மூன்று தாள் எடுத்தால் 27. தேவை 24தான், மூன்று கிழிந்து போனாலும் கவலையில்லை. கோடு போடுவது உங்கள் வேலை, நாலு வயதுக்கு மேல் என்றால் வெட்டுவது பிள்ளையின் வேலை. ஒரு பட்டையை வளையமாக்கி ஒட்டி, அடுத்த பட்டையை அதற்குள் நுழைத்து மறுபடி வளையமாக்கி, இப்படியே போக வேண்டும். முதல் மூன்று வளையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுங்கள், நாலாவதில் கையை எடுத்துவிடுங்கள். பசை பிடிக்கும் வரை அமுக்கிக்கொண்டு ஒன்று முதல் இருபது வரை சத்தமாக எண்ணச் சொன்னால் எண்ணும் பழகிவிடும், ஒட்டும் விடாது.

ஒட்டும் முன், பட்டையின் உள்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலையை எழுதிவிடுங்கள். வளையமானபின் அது உள்ளே மறைந்திருக்கும், தினமும் காலையில் ஒன்றைக் கிழிக்கும்போதுதான் தெரியும். ஆச்சிக்குத் தண்ணீர் எடுத்துக் கொடு, தம்பிக்கு உன் கலர் பென்சிலைக் கொடு, சாப்பிட்ட தட்டை நீயே கழுவு, எதிர்வீட்டுக்குப் போய் ஒரு பாட்டு பாடிவிட்டு வா, இந்த மாதிரி. எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துக்குப் பதில் படம்: ஒரு டம்ளர், ஒரு துடைப்பம், ஒரு பூனை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் என்றால் காத்திருக்கிற காலம் என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாதது, சங்கிலி நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வருவதைப் பார்த்தால் தானாக ஏறிவிடுகிறது. 24 வளையமும் சேர்ந்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் வரும், வாசல் நிலையில் தொங்கவிடப் போதும்.

அடுத்தது கைத்தடத்து மரம், எனக்கு மிகவும் பிடித்தது. பச்சைத் தாளில் பிள்ளையின் கையை விரல் விரித்து வைக்கச் சொல்லி பென்சிலால் சுற்றி வரையுங்கள் (விரலிடுக்கில் பென்சில் போகும்போது கூச்சத்தில் சிரித்துக் கையை இழுத்துக்கொள்வார்கள், கோடு கோணலாகும், ஆகட்டும்). இப்படி ஆறு கை. வெட்டித் தருவது பெரியவர் வேலை, மூன்று தாளை ஒன்றாக அடுக்கி வெட்டினால் இரண்டு முறையில் முடிந்துவிடும். விரல்கள் கீழ்நோக்கி இருக்கும்படி, சார்ட் அட்டையில் கீழே மூன்று கை, அதன்மேல் பாதி மூடியமாதிரி இரண்டு, உச்சியில் ஒன்று. விரல் நுனிகளை ஒட்டாமல் விட்டு, பென்சிலில் சுற்றிக் கொஞ்சம் சுருட்டிவிட்டால் கிளை மாதிரி எழும்பி நிற்கும். அடியில் பிரவுன் ஷீட்டில் ஒரு தண்டு. அப்புறம் இரண்டு வயதுப் பிள்ளைகூடச் செய்யக்கூடிய வேலை வருகிறது: கலர் தாளைத் துண்டு துண்டாகக் கிழித்து, கசக்கி, உருண்டை பிடித்து, கண்ட இடத்தில் ஒட்டுவது. எல்லா உருண்டையையும் ஒரே மூலையில் குவித்து ஒட்டினாலும் நகர்த்தி வைக்காதீர்கள், பிள்ளை தூங்கினபிறகு எடுத்துச் சரி செய்யவும் வேண்டாம். காலையில் எழுந்து பார்க்கும்போது அதற்குக் கட்டாயம் தெரியும்.

பின்பக்கம் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் புது மரம் செய்யும்போது பழைய கையின்மேல் புதுக் கையை வைத்துப் பார்க்கலாம். அக்கா தம்பி என்று இரண்டு பேர் இருந்தால் ஒரே மரத்தில் இருவர் கையும் வரட்டும், ஆனால் பச்சையில் இரண்டு சாயல் எடுத்தால் யார் கை எது என்ற சண்டை வராது.

ஐந்து வயதுக்கு மேல் என்றால் நட்சத்திரம் செய்யலாம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பழைய தொடர்பு உண்டு: ஜெர்மனியில் புகழ்பெற்ற ஹெர்ன்ஹூட் நட்சத்திரம், நீஸ்கி என்ற ஊரில் மொராவியன் என்ற கிறிஸ்தவச் சபையார் நடத்திய ஆண்கள் விடுதிப் பள்ளியில், 1830களில், வடிவக் கணிதப் பாடமாகப் பிள்ளைகள் காகிதத்தில் செய்ததிலிருந்து வந்தது. அதை அப்படியே செய்வது சின்னக் கைகளுக்கு முடியாது. எட்டு முனை வரும் எளிய நட்சத்திரம் ஒன்று இருக்கிறது.

ஏ4 தாளில் 14 சென்டிமீட்டர் சதுரம் இரண்டு வெட்டுங்கள். மடிக்கும் முன்பே பிள்ளையிடம் கொடுத்து கிரேயானால் இஷ்டம்போல் தீட்டச் சொல்லுங்கள், மடித்தபின் தீட்டினால் நசுங்கிவிடும். சதுரத்தை நேர் பாதியாக மடித்துப் பிரித்து, மறுபக்கமும் அப்படியே மடித்துப் பிரித்தால் நடுவில் கூட்டல் குறி மாதிரி மடிப்புக் கோடு விழும். நாலு ஓரத்திலிருந்தும் அந்தக் கோட்டின்மேலேயே உள்நோக்கி 3.5 சென்டிமீட்டர், அதாவது மையத்துக்குப் போகிற வழியில் பாதி, வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டும் முடிகிற புள்ளியிலிருந்து இரண்டு பக்க மூலைகளுக்கும் மடிப்பு விழ வேண்டும், மொத்தம் எட்டு மடிப்பு. இப்போது ஒவ்வொரு மூலையிலும் இரண்டு காது நிற்கும். ஒரு காதின்மேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டினால் அந்த மூலை கூர்மையாகக் குவிந்து எழும். நாலு மூலையும் முடித்தால் நாலு முனை நட்சத்திரம். இரண்டாவது சதுரத்தையும் இப்படியே செய்து, குழிவான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, ஒன்றின் முனைகள் மற்றதன் முனைகளுக்கு நடுவில் வரும்படி திருப்பி ஒட்டுங்கள். ஒட்டும் முன் இடையில் நூலை வைக்க மறக்க வேண்டாம். வெட்டு நாலும் உங்களுடையது, மடிப்பும் பசையும் பிள்ளையினுடையது. மடிப்பை விரலால் ஒரு முறை, நகத்தால் ஒரு முறை தேய்க்கச் சொல்லுங்கள், நட்சத்திரம் நிமிர்ந்து நிற்பதும் தொங்கிப்போவதும் அதில்தான் இருக்கிறது.

இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் வைக்கிற வீடு என்றால் அதில் வைக்கிற சொரூபங்களையும், அதாவது சிலைகளையும், காகிதத்திலேயே செய்யலாம். கடைச் சொரூபத்தைப் பிள்ளை தொட்டால் "உடைஞ்சிரும், வை" என்போம், காகிதச் சொரூபத்தை எடுத்து விளையாடலாம், மாட்டை இடையரோடு பேசவைக்கலாம், அது பெரிய விஷயம். புனித அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் முதல் குடில் அமைத்தபோது சொரூபங்கள் வைத்து அலங்கரிக்கவில்லை, வைக்கோல் போட்ட தீவனத் தொட்டியும் உயிரோடு ஒரு மாடும் கழுதையும்தான். காகிதக் குடிலை யாரும் குறைத்து நினைக்கத் தேவையில்லை.

20 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு தட்டைக் கவிழ்த்து வட்டம் வரைந்து, வெட்டி, அதைப் பாதியாக்கினால் இரண்டு ஆள். அரைவட்டத்தைக் கூம்பாகச் சுருட்டி ஒட்டினால் தானாக நிற்கும், சுமார் ஒன்பது சென்டிமீட்டர் உயரம். பத்து ரூபாய் நாணயத்தை வைத்து பிரவுன் ஷீட்டில் வட்டம் வரைந்து வெட்டினால் முகம். மாதாவும் சூசையப்பரும் நம் வீட்டு ஆட்கள் நிறத்தில் வருவார்கள். கண், வாய் பிள்ளை வரையட்டும். நீலத் தாள் மாதாவுக்கு, பஞ்சு ஒட்டின தாடி சூசையப்பருக்கு, பத்திரிகை அட்டையில் கிரீடம் ராஜாக்களுக்கு, ஜிகினா இறக்கை சம்மனசுக்கு (தேவதூதருக்கு). ஆட்டுக்குத் தீப்பெட்டிக் கூட்டில் பஞ்சு. தீப்பெட்டியின் உள்தட்டே பாலனைக் கிடத்தும் முன்னணை, அதில் கொஞ்சம் வைக்கோல். பாலன் இயேசுவை இப்போதே செய்து, 24ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடியும்வரை எடுத்து வையுங்கள். யார் கொண்டுவந்து வைப்பது என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் அழுகை வரும்.

கடலோர ஊர்களில் டிசம்பரில் மழையும் ஈரக்காற்றும் இருக்கும், சார்ட் அட்டை சுருளும், கிரேப் பேப்பர் நனைந்தால் சாயம் இறங்கிச் சுவரைக் கெடுக்கும். காகித வேலை எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். காகிதத்துக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி கூடாது, குடிலுக்குள் விளக்கு வேண்டுமென்றால் சூடாகாத எல்இடி சீரியல் செட் போடுங்கள், அதுவும் ஆள் இருக்கும்போது மட்டும். மூன்று வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கிற வீட்டில் மணி, பாசி, ஜிகினாத் தூள் மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள், வாய்க்கும் கண்ணுக்கும் போகும்.

ஒரு நாளைக்கு ஒரு வேலைக்கு மேல் எடுக்க வேண்டாம். இருபது நிமிடம், அதிகம் போனால் அரை மணி. பாதியில் எழுந்து போனால் விட்டுவிடுங்கள், மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம்.

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைக் கலைக்கும்போது சொரூபங்களைச் செருப்பு வாங்கின அட்டைப்பெட்டியில் பழைய பேப்பர் கசக்கி வைத்து அடுக்குங்கள், கை மரத்தை இரண்டு சார்ட் அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டிலுக்கடியில் படுக்கையாக வைத்துவிடலாம். மைதாப் பசைக்குக் கரப்பான் வரும் என்பதால் பெட்டியில் நாலைந்து வேப்பிலைக் கொத்தைக் காயவைத்துப் போடுங்கள், அந்துருண்டை வேண்டாம், பெட்டியைத் திறக்கப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகள்.