66 வயதும் மொபிலிட்டி பணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லண்டனில் நம் முதியவர்களுக்கு உதவிப்பணப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது உதவ வரும் இளம் பிள்ளைகள் நான் அன்று விட்ட பிழைகளையே விடுகிறார்கள். கையெழுத்து மறப்பது போன்றவற்றைத் திருத்திக்கொள்ளலாம், அவற்றை விடுகிறேன். நான் எழுதுவது இங்கிலாந்து, வேல்ஸ் நடைமுறை. ஸ்கொட்லாந்தில் பணத்தின் பெயர்களே வேறு.

கடிதம் வரட்டும் என்று காத்திருப்பது

பிப் (PIP) என்பது நீண்டகால நோய் அல்லது இயலாமை உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணம். அதில் அன்றாட வாழ்க்கைக்கு ஒரு பகுதி, நடமாட்டத்துக்கு (மொபிலிட்டி) ஒரு பகுதி. அரச பென்சன் வயதைத் தொட்டபின் அதற்குப் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. பிறகு இருப்பது அட்டென்டன்ஸ் அலவன்ஸ், அதாவது பராமரிப்பு தேவைப்படும் முதியவர்களுக்கான பணம். அதில் நடமாட்டப் பகுதியே கிடையாது.

ஒரு ஐயாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் மூன்று தடவை நிற்பார். அவருடைய பென்சன் வயதான 66 ஆக ஐந்து வாரம் இருந்தது. "மருத்துவமனைக் கடிதம் வந்ததும் போன் பண்ணுவோம், ஐயா" என்று சொன்னது நான்தான். கடிதம் வந்தபோது பிறந்தநாள் கடந்துவிட்டது.

போன் செய்து விண்ணப்பத்தைத் தொடங்கிய நாள்தான் கணக்கு. படிவத்தைத் தவணைக்குள் அனுப்பினால் போதும், கடிதத்தை அப்புறமும் அனுப்பலாம். அது அன்று எனக்குத் தெரியவில்லை. 2025-26இல் கூடிய நடமாட்டத் தொகை வாரத்துக்கு 77.05 பவுண், வருடத்துக்கு 4,000க்கு மேல். அந்தத் தொகையைக் கொடுத்து வாடகைக்கு மோட்டபிலிட்டி கார் எடுக்கும் வழியும் அதோடு அடைபட்டது. "பரவாயில்லை தம்பி" என்றார் ஐயா. எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

போன வாரம் ஒரு பிள்ளை ஓர் அம்மாவிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தது. குறுக்கே புகுந்து, அங்கேயே போன் போட வைத்தேன்.

குறைந்த நடமாட்டத் தொகை பெறுபவர்களும் கவனியுங்கள். நடை மோசமாகியிருந்தால் பென்சன் வயதுக்கு முன்பே அறிவித்து மறுபரிசீலனை கேளுங்கள். அந்த வயதுக்குப் பின் நடை மோசமானால், அன்றாடப் பகுதி கூடலாம். நடமாட்டப் பகுதியைக் கூட்டித் தரமாட்டார்கள். உங்கள் பென்சன் தேதியையும் சரியாகப் பாருங்கள்: 1960 ஏப்ரல் 6 முதல் பிறந்தவர்களுக்கு 66 என்பது மாதம் மாதமாக 67 நோக்கி நகர்கிறது.

பென்சன் வந்ததும் பிப்பை விட்டு அலவன்ஸுக்கு மாறுவது

மாறாதீர்கள். தகுதி இருக்கும்வரை பிப் தொடரும்.

ப்ளூ பேட்ஜும் இனி இல்லை என்று நினைப்பது

ப்ளூ பேட்ஜ் என்பது நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான கார் நிறுத்தும் சலுகை அட்டை. அதைத் தருவது உள்ளூர் கவுன்சில். பிப் இல்லாமலும் கேட்கலாம்.

அலவன்ஸ் படிவத்தில் நடையை எழுதாமல் விடுவது

"இதில் மொபிலிட்டி இல்லையே" என்று பலரும் நடையைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. வீட்டுக்குள் நடக்க ஒருவர் கைபிடிக்க வேண்டுமா, இரவில் கழிப்பறைக்குப் போகும்போது விழுகிறீர்களா, எழுதுங்கள். அதுவும் பராமரிப்புத் தேவைதான். உதவிக்கு ஆள் இருக்கிறாரா என்பதல்ல, உதவி தேவையா என்பதே கேள்வி. தனியாக வாழ்பவர்களும் கேட்கலாம்.

இங்கும் முதலில் போனை எடுங்கள். படிவம் கேட்டு அழைத்து, ஆறு வாரத்துக்குள் அதை நிரப்பி அனுப்பினால், அழைத்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும்.