வாட்டம் பார்த்து மாட்டுங்கள்: ஓட்டு வீட்டில் மழைத்தண்ணி பிடிக்கும் செய்முறை

பருப்பு வேகவில்லை. இந்த வேலை அதில்தான் தொடங்கியது. எங்கள் வீடு சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கம். கிணற்றில் தண்ணி இருக்கிறது, ஆனால் உப்பு. அந்தத் தண்ணியில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் விதை விதையாகவே நிற்கும். முன்பெல்லாம் சமையலுக்கு ஊருணித் தண்ணிதான். இப்போது ஊருணியில் மாடு குளிக்கிறது. கேன் தண்ணி வாங்கி வைத்தால் அப்பத்தா, "காசு குடுத்து வாங்குன தண்ணியில பருப்பு வேகவச்சா ருசிக்குமா அப்பு?" என்று கேட்கும். ஐப்பசியில் ஓட்டிலிருந்து ஊற்றுகிற தண்ணி முழுக்க வாசலில் ஓடி ரோட்டுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே கேட்டால் யாருக்கும் ரோஷம் வரத்தான் செய்யும்.

போன வருஷம் ஒருமுறை செய்து சொதப்பி, இந்த வருஷம் பிரித்து மறுபடி மாட்டினேன். இரண்டாவது தடவை செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். மேஸ்திரி இல்லாமல் நீங்களே செய்யலாம், ஆனால் ஏணி பிடிக்க ஒரு ஆள் கட்டாயம் வேண்டும்.

கணக்கு

ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணி. இது ஒன்று தெரிந்தால் போதும். கூரையை ஓட்டின் சரிவோடு அளக்காதீர்கள், அது எவ்வளவு தரையை மூடுகிறது என்பதே கணக்கு. எங்கள் வீட்டின் தெற்குச் சரிவு 30 அடிக்கு 15 அடி, அதாவது ஏறக்குறைய 42 சதுர மீட்டர். எங்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் பெய்யும், அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். ஓடு குடிப்பது, சிதறுவது எல்லாம் போக, அந்த ஒரு சரிவிலிருந்து மட்டும் வருஷத்துக்கு 30,000 லிட்டர் கிடைக்க வேண்டும். அத்தனையையும் தேக்கப் போவதில்லை. சமையலுக்கு இரண்டு 500 லிட்டர் டேங்க், மிச்சம் கிணற்றுக்கு.

தகர வாய்க்கால்: என்னத்தில் செய்வது

ஓட்டு விளிம்பிலிருந்து விழுகிற தண்ணியை ஏந்திக் கொண்டுபோவதுதான் இந்த வாய்க்கால். முதல் தடவை 6 இஞ்ச் பிவிசி பைப்பை நீளவாக்கில் பாதியாக அறுத்து மாட்டினேன். வீடியோக்களில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் காட்டாத ஒன்று உண்டு. அறுத்ததும் பைப் உள்பக்கமாகச் சுருங்கிக்கொள்ளும், ஆறு இஞ்ச் வாய் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு அகலமாகிவிடும். வெயிலிலும் கொஞ்சம் கொஞ்சமாக மொறுமொறுத்துப் போகிறது. எனவே இப்போது நான் ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கட்சி. பட்டறையில் 6 இஞ்ச் அகலம், 5 இஞ்ச் ஆழத்தில் பெட்டி வடிவமாக மடித்துக் கொடுப்பார்கள். அந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் வேறு வரும்.

தகட்டை கட்டிங் மெஷினில் அறுக்காதீர்கள். அறுத்த ஓரத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்து, ஒரே மழையில் துரு ஏறும். தகரம் வெட்டுகிற கத்திரிதான் சரி. கை வலிக்கும், வலிக்கட்டும். ஒட்டுப்போடும் இடத்தில் மேட்டுப்பக்கத் துண்டு உள்ளே, பள்ளப்பக்கத் துண்டு வெளியே, 4 இஞ்ச் ஏறி உட்கார வேண்டும். மாற்றிப் போட்டால் ஓடுகிற தண்ணி ஒட்டுக்குள் நுழைந்து சொட்டும். ரிவெட் அடித்து உள்பக்கம் சிலிக்கான் பூசுங்கள்.

தாங்குகிற கிளாம்ப்

ஒரு இஞ்ச் பட்டை இரும்பை வளைத்து, ரெட் ஆக்சைடு அடித்து, இரண்டு அடிக்கு ஒன்றாகக் கைமரத்தின் (ஓட்டைத் தாங்குகிற சரிவுச் சட்டம்) நுனியில் திருகினேன். தேக்குச் சட்டம் வைத்த வீடு என்றால் இதில் பேச ஒன்றும் இல்லை. எங்களுடையது பனங்கை, அதாவது பனைமரத்தில் அறுத்த கைமரம். வயிரம் பாய்ந்த பனங்கையில் ஆணி இறங்காது, திருகாணியின் தலை தேய்ந்துபோகும். விடாமல் அடித்தால் நார் நாராகப் பிளக்கும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட் போட்டுத் துளை போட்டுவிட்டு, பிறகு திருகுங்கள். திருகாணியில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துக்கொண்டால் சுலபம்.

வாட்டம் (என்னைக் கவிழ்த்த இடம்)

வாட்டம் என்றால் தண்ணி ஓடுவதற்கான சரிவு. பத்து அடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் போதும். 30 அடிக்கு மூன்று இஞ்ச். சொல்வது ஒரு வரி. போன வருஷம் நான் செய்தது: ஓட்டின் விளிம்பிலிருந்து ஒரு முனையில் 2 இஞ்ச் கீழே, மறுமுனையில் 5 இஞ்ச் கீழே அளந்து மாட்டினேன். நடுவில் ரசமட்டம் வைத்தும் பார்த்தேன், அழகாகச் சரிந்திருந்தது. முதல் மழையில் தண்ணி பாதி வழியில் நின்றது. வாய்க்காலின் நடுவில் குளம். பத்து நாளில் அதில் கொசுப்புழு நெளிந்தது. அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "மேல ஒரு ஊருணி வெட்டிட்டியே அப்பு" என்றது.

தப்பு எங்கே என்று கண்டுபிடித்தவர் பக்கத்துத் தெருக் கொத்தனார். "தம்பி, ஓட்டு விளிம்பு மட்டமா இருக்குன்னு யாரு சொன்னா?" என்றார். பழைய வீடு, நடுவில் இரண்டு கைமரம் தாழ்ந்து இறவாரமே இரண்டு இஞ்சுக்கு மேல் தொங்கிப்போயிருக்கிறது. பார்த்தால் தெரியாது, கண்ணும் அதோடு சேர்ந்து தொங்கும். நான் அந்தத் தொங்கலை அப்படியே நகல் எடுத்து மாட்டியிருக்கிறேன். ஒரு அடி ரசமட்டத்தை 30 அடிக்கு நகர்த்தி நகர்த்தி வைப்பதும் வீண், ஒவ்வொரு தடவையும் நூலளவு பிழை சேர்ந்துகொண்டே போகும். போனில் மட்டம் பார்க்கும் ஆப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டியூப் லெவல் எடுங்கள். கண்ணாடி மாதிரித் தெரிகிற மெல்லிய டியூப், 40 அடி, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அதில் தண்ணியை நிரப்பி இரண்டு முனைகளையும் தூக்கிப் பிடித்தால், இடையில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு பக்கமும் தண்ணி ஒரே மட்டத்தில் நிற்கும். இப்படிச் செய்யுங்கள்:

1. மேட்டு முனையில் முதல் கிளாம்பை மாட்டுங்கள். அதன் அடிப்பக்கம்தான் உங்கள் தொடக்கக் கோடு.

2. டியூபின் ஒரு முனையில் நிற்கும் தண்ணியை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மறுமுனையைக் கடைசிக் கைமரத்தில் பிடித்து, தண்ணி நிற்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். அது மட்டக்கோடு. அங்கிருந்து மூன்று இஞ்ச் கீழே இறங்கிக் கடைசிக் கிளாம்பு.

3. நடுவிலும் இதே மாதிரி, ஒன்றரை இஞ்ச் கீழே ஒன்று. நடுவில் மாட்டாமல் 30 அடிக்கும் ஒரே நூல் கட்டினால் நூலே தொங்கும்.

4. இப்போது மூன்றுக்கும் நூலை இழுத்துக் கட்டி, மற்றக் கிளாம்புகளை நூலுக்கு ஏற்ப மாட்டுங்கள். ஓட்டு விளிம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

டியூபில் ஒரு காற்றுக்குமிழி இருந்தாலும் மட்டம் பொய் சொல்லும். வாளியைத் திண்ணைமேல் வைத்து, வாயால் உறிஞ்சித் தண்ணியை மெதுவாக இழுத்து, டியூபை ஒருமுறை முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். அளப்பதற்கு முன்னால் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தண்ணி ஒன்றாக நிற்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அளக்கிறவர்கள் உண்டு (நான்தான்). இரண்டு முனையும் திறந்திருந்தால்தான் மட்டம் வரும்.

குறுக்குவாட்டிலும் ஒன்று. ஓட்டு நுனி வாய்க்காலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு உள்ளே வந்திருக்க வேண்டும். குறைவாக இருந்தால் தூறலில் தண்ணி சுவர்ப்பக்கம் வடியும். அதிகமானால் அடைமழையில் வாய்க்காலைத் தாண்டிக் குதித்துவிடும்.

அழுக்குத் தண்ணிக்குத் தனிவழி

ஓட்டில் தூசி, வேப்பிலை, அணில், இப்போது புதிதாக மயில். மயில்கள் வேறு ஓட்டில் நடந்து, முற்றத்தில் குதித்து, ஓட்டை உடைத்துக்கொண்டிருக்கின்றன. முதல் தண்ணி டேங்குக்குப் போகக் கூடாது.

வாய்க்காலிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு டீ (மூன்று வாய் உள்ள பைப் இணைப்பு) போடுங்கள். டீயின் நேர்கீழ்வாயில் அடி மூடிய தடித்த பைப் ஒன்று நிற்கட்டும். முதலில் வருகிற அழுக்கெல்லாம் அதில் விழும். அது நிரம்பிய பிறகு வருகிற தண்ணி டீயின் பக்கவாய் வழியாக டேங்குக்குப் போகும். நான் 6 இஞ்ச் பைப் ஆறடி வைத்திருக்கிறேன், சுமார் 33 லிட்டர் பிடிக்கும். எங்கள் கூரைக்கு இது முக்கால் மில்லிமீட்டர் மழைக்குச் சற்று மேல். அதே ஆறடி 4 இஞ்ச் பைப் என்றால் பதினைந்து, பதினாறு லிட்டர்தான், போதாது. நிரம்பினால் 33 கிலோ, சுவரில் மூன்று இடத்தில் கிளாம்பு போடுங்கள்.

அடி மூடியில் 2 மில்லிமீட்டர் துளை போட்டால், மழை விட்டதும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தானாகச் சொட்டிக் காலியாகி, அடுத்த மழைக்குத் தயாராகும். மூடியைப் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள், திருகி எடுக்கிற மாதிரி மூடிதான் வேண்டும். ஏன் என்பது கீழே.

டேங்கும் உயரமும்

ஓட்டு வீட்டில் இறவாரம் தாழ்வு, எங்களுடையது எட்டடி. அதற்குள்ளே டீ, வடிகட்டி, டேங்க், பீடம் எல்லாம் அடங்க வேண்டும். 1000 லிட்டர் டேங்க் வாங்கி வந்து வைத்துப் பார்த்துவிட்டு, திரும்பக் கடைக்கே கொண்டுபோனேன். 500 லிட்டர் டேங்க் இரண்டை அடியில் நிப்பிள் போட்டு இணைத்தால் உயரம் மிச்சம். பீடம் இரண்டு அடி, அப்போதுதான் குழாய்க்குக் கீழே குடம் நிற்கும். கடைசியாக ஒரு குடத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பூசுங்கள்.

வடிகட்டிக்கு டேங்க் வாயின்மேல் 20 லிட்டர் பெயிண்ட் வாளி. அடியில் நிறையத் துளை, அதன்மேல் கொசுவலை இரண்டு மடிப்பு, அதன்மேல் கழுவிய ஜல்லி. மணல் போடாதீர்கள். மணிக்கு 50 மில்லிமீட்டர் அடித்தால் இந்தக் கூரையிலிருந்து நிமிஷத்துக்கு 35 லிட்டர் இறங்கும். ஒரு வாளி மணல் அதை விடாது, வாளி வழிந்து வீணாகும். மிஞ்சுகிற வண்டல் டேங்கின் அடியில் படியட்டும், குழாயை அடியிலிருந்து நாலு இஞ்ச் மேலே வையுங்கள்.

வழிந்தோடும் பைப்பும் உள்ளே வருகிற பைப்பும் ஒரே தடிமன் இருக்க வேண்டும். டேங்கோடு வருகிற ஒரு இஞ்ச் ஓட்டை எதற்கும் ஆகாது. அந்தப் பைப்பைக் கிணற்றுக்குள் இறக்கி, நுனியில் கொசுவலை கட்டுங்கள். டெங்கு கொசு நல்ல தண்ணியைத்தான் தேடி வரும். தண்ணி உயரத்திலிருந்து கிணற்றில் கொட்டினால் அடிச்சேறு கலங்கும், கிணற்றுச் சுவரை ஒட்டி வழிய விடுங்கள். குடிக்கிறவர்கள் கொதிக்கவைத்துக் குடியுங்கள்.

பின்சேர்க்கை: கேள்விகளால் தெரிந்தவை

கமெண்டில் ஒருவர், தண்ணி டேங்குக்கே வரவில்லை, எல்லாம் அடி மூடி வழியே போகிறது என்றார். விசாரித்தால் 8 மில்லிமீட்டர் துளை போட்டிருக்கிறார். விட்டம் நாலு மடங்கு என்றால் தண்ணி பதினாறு மடங்கு போகும். மூடியை மாற்றிவிட்டார், சரியாகிவிட்டது.

எனக்கு அதற்கு நேர்மாறு. கார்த்திகையில் ஒருநாள் டேங்க் தண்ணியில் வாடை. 2 மில்லிமீட்டர் துளை சேற்றில் அடைத்து, பைப் காலியாகாமலே நின்றிருக்கிறது. அடுத்த மழையின் அழுக்கெல்லாம் நேரே டேங்குக்குள். இப்போது மழை விட்ட மறுநாள் அப்பா போய் மூடியைத் திருகிக் கொட்டிவிடுகிறார். துளையை மட்டும் நம்பாதீர்கள்.

ஓட்டுக்குப் பெயிண்ட் அடித்தவர்கள் சமையலுக்குப் பிடிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். நான் பிடிக்க மாட்டேன். கிணற்றுக்கும் வேண்டாம், தோட்டத்துக்கு விடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கும் அதே பதில்தான்.

ஓட்டைக் கூட்ட மேலே ஏறுவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். ஈரமாக இருக்கும்போது ஏறவே வேண்டாம். காய்ந்த நாளில், இரண்டு மூன்று கைமரங்களுக்குக் குறுக்காக ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஓட்டின் நடுவில் கால் வைத்தால் ஓடும் போகும், காலும் போகும். நான் புரட்டாசி பிறந்ததும் ஒருமுறை கூட்டிவிடுகிறேன். சித்திரையில் வருகிற கோடை மழையைப் பிடிப்பதே இல்லை, அந்தத் தண்ணி அத்தனையும் புழுதி.

வடக்குச் சரிவுக்கும் மாட்ட வேண்டும். ஏணி போட்டுப் பார்த்ததில் அங்கே மூன்று பனங்கை இற்றுப்போயிருக்கிறது. முதலில் ஆசாரியைப் பிடிக்க வேண்டும், அவர் தை பிறக்கட்டும் என்கிறார்.