எத்தனால் பெட்ரோலும் பழைய வண்டியும்: எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் பலர் வண்டியை ஸ்டாண்டு போடும்போதே, "அண்ணா, எத்தனால் வந்ததிலிருந்து மைலேஜே இல்லை" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். எத்தனால் என்பது கரும்பு, மக்காச்சோளம் போன்றவற்றிலிருந்து காய்ச்சும் ஆல்கஹால்; இப்போது போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை அதுதான். பெரம்பலூரில் மக்காச்சோளம் போடும் என் மச்சானோ, "அது இருக்கிறதாலதான் எங்களுக்கு ஒரு விலை கிடைக்குது, மாமா" என்கிறார். இரண்டிலும் உண்மை உண்டு, இரண்டிலும் கொஞ்சம் கூடுதலும் உண்டு. எது எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ள எனக்குத் தெரிந்த வழியைச் சொல்கிறேன்.

முதலில் மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி, பெட்ரோலில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 20 சதவீதம் கலந்தால் மைலேஜ் குறையத்தான் செய்யும். மத்திய அரசின் ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையே பழைய வகை டூவீலரில் 3 முதல் 4 சதவீதமும், காரில் 6 முதல் 7 சதவீதமும் குறையலாம் என்று ஒப்புக்கொள்கிறது. அதாவது 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 48 கொடுக்கும். உங்கள் வண்டி 50-லிருந்து 35-க்கு இறங்கியிருந்தால் எத்தனாலை விடுங்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், பின் பிரேக் ஒட்டிப் பிடிக்கும், இல்லை தினமும் சில்க் போர்டு சிக்னலில் நிற்கிறீர்கள்.

அளப்பதற்கு ஒரே வழிதான். டேங்கை முழுக்க நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்துவையுங்கள். அடுத்து அதே பெட்ரோல் பங்கில் மறுபடி முழுக்க நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை, இரண்டாம் முறை போட்ட லிட்டரால் வகுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும். ரிசர்வ் விழுந்ததை வைத்துச் சொல்லும் மைலேஜை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

எத்தனால் எவ்வளவு கலந்திருக்கிறது என்றும் பார்க்கலாம். 100 மில்லி அளவு போட்ட கண்ணாடி உருளை ஒன்று வாங்குங்கள். திறந்த வெளியில், பக்கத்தில் பீடி, அடுப்பு எதுவும் இல்லாமல், 20 மில்லி தண்ணீர் ஊற்றி அதன்மேல் 100 கோடு வரை பெட்ரோல் ஊற்றுங்கள். உருளையின் வாயை மூடி மெதுவாக நாலைந்து முறை கவிழ்த்து நிமிர்த்தி, மூடியை லேசாகத் திறந்து ஆவியை விட்டுவிட்டு வையுங்கள். எத்தனால் பெட்ரோலை விட்டுத் தண்ணீரோடு போய்ச் சேரும். கொஞ்ச நேரத்தில் நடுவே ஒரு கோடு தெளிவாகத் தெரியும். எத்தனாலே இல்லையென்றால் அது 20-லேயே நிற்கும். 20 சதவீதம் இருந்தால் 35 பக்கம் ஏறும். அந்தப் பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றாதீர்கள்.

வண்டியைக் கெடுப்பதும் தண்ணீரோடு சேரும் இதே குணம்தான். கொஞ்சம் ஈரத்தை எத்தனால் பெட்ரோல் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாக இறங்கிவிடும். வண்டி முதலில் உறிஞ்சுவது அதைத்தான், அப்புறம் எங்கே ஸ்டார்ட் ஆகிறது! டேங்க் மூடியைத் திறந்தால் வாய் ஓரத்தில் ஒரு சின்னத் துளை தெரியும். மழைத் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. அது மண் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே இறங்கும். மழைக்காலம் தொடங்கும் முன் மெல்லிய கம்பி விட்டு அதைச் சுத்தம் செய்யுங்கள், மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வாட்டர் வாஷில் மூடிமேல் பிரஷர் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

கார்புரேட்டர் வண்டி என்றால், 2020-க்கு முந்தியவற்றில் பெரும்பாலானவை அதுதான், பெட்ரோல் டியூப், பெட்ரோல் காக்கின் (டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) வாஷர், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தின் ஓரிங் (ரப்பர் வளையம்) ஆகியவற்றைப் பாருங்கள். டியூபை இரண்டாக மடித்தால் மேலே மயிரிழை வெடிப்பு தெரிகிறதா, இல்லை ஊறிப்போய்க் கொழகொழவென்று இருக்கிறதா? எதுவானாலும் மாற்றவேண்டியதுதான். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் கேட்கும்போது எத்தனால் தாங்கும் டியூப் என்று சொல்லியே கேளுங்கள். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்து, சைலன்சர் பட்பட்டென்று வெடித்தால் பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று அர்த்தம். ட்யூனிங் செய்யச் சொல்லுங்கள். இன்ஜெக்ஷன் வண்டிகளில் சென்சாரே இதைப் பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பிவையுங்கள், காக்கை மூடி கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிடுங்கள்.

இதெல்லாம் வண்டி கணக்கு. எத்தனாலால் நன்மையே இல்லையா? உண்டு. அதன் ஆக்டேன் (முன்கூட்டியே தானாக வெடிக்காமல் தாங்கும் தன்மை) அதிகம், அதனால் இன்ஜின் டக்டக்கென்று தட்டும் நாக்கிங் குறையும். கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான பெட்ரோல் மிச்சமாவது சின்ன விஷயமில்லை. ஆனால் எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று கேட்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது என்பது என் கட்சி.

கரும்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டன் கரும்பிலிருந்து 70 லிட்டர் எத்தனால் கிடைக்கும்; ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 2,860 லிட்டர் தண்ணீர் செலவு என்று அதே நிதி ஆயோக் அறிக்கை சொல்கிறது. மண்டியாவில் கரும்புக்குப் பாய்வதும் காவிரி, நம் வீட்டுக் குழாயில் வருவதும் காவிரி. (இந்த ஊரில் இருந்துகொண்டு காவிரியைப் பற்றி இதற்குமேல் நான் பேசமாட்டேன்.) சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கடைசிக் கழிவுப்பாகில் காய்ச்சும் எத்தனால் வேறு, அதற்கென்று தனியாக யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. நேராகக் கரும்புச்சாற்றிலிருந்து எடுப்பதற்கு, சர்க்கரைக்குத் தட்டுப்பாடு வரும் என்று பயந்து 2023 டிசம்பரில் அரசே தடை போட்டது, பிறகு தளர்த்தியது.

மக்காச்சோளத்துக்குத் தண்ணீர் கரும்பளவு வேண்டாம். அங்கே சிக்கல் வேறு. கோழித் தீவனத்தில் பாதி மக்காச்சோளம்தான். எத்தனால் ஆலைகள் வாங்க ஆரம்பித்ததும், ஏற்றுமதி செய்துகொண்டிருந்த நாடு 2024-ல் இறக்குமதி செய்யவேண்டி வந்தது, நாமக்கல் பண்ணைக்காரர்கள் தீவன விலையைப் பார்த்துத் தலையில் கைவைத்தார்கள். சரி, விவசாயிக்காவது நிலையான விலையா? 2025 நவம்பரில் கர்நாடகத்தின் ஹாவேரி, தாவணகெரே பக்கம் அரசின் ஆதரவு விலை 2,400 ரூபாய் இருக்க, சந்தையில் குவிண்டால் 2,000-க்கும் கீழே போய் விவசாயிகள் போராடத் தெருவில் இறங்கினார்கள். மச்சானிடம் இதைச் சொன்னால், "எத்தனாலும் இல்லேன்னா இன்னும் கீழே போயிருக்கும்" என்கிறார். அதுவும் சரிதான்.

பெட்ரோல் பங்கில் விலை குறையாததற்கும் காரணம் இருக்கிறது. மக்காச்சோள எத்தனாலை எண்ணெய் நிறுவனங்கள் 2024-25-ல் லிட்டர் 71.86 ரூபாய்க்கு வாங்கின; வரி சேர்க்கும் முன் பெட்ரோலுக்கு ஆகும் விலையை விட அது மலிவாக இருக்கவில்லை. மைலேஜ் குறைவதற்காவது விலையில் ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் தள்ளிக் கொடுக்கலாம் என்பது என் ஆசை. அதைவிட, வைக்கோலிலிருந்து எத்தனால் எடுக்க பானிப்பட்டில் 2022-ல் திறந்தது போன்ற ஆலைகள் பெருகினால் சாப்பாட்டில் கைவைக்க வேண்டியதில்லை. அரிசியைக் காய்ச்சுவதை விட, வீணாகக் கொளுத்துகிற வைக்கோலைக் காய்ச்சுவது மேல் அல்லவா?

இப்போது பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் ஆர்.சி.யில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரலுக்குப் பிந்தியது என்றால் அதன் டியூப், ரப்பர் எல்லாம் இந்தப் பெட்ரோலைத் தாங்கும்படி செய்தவை. அதற்கு முந்தியது என்றால் டியூப், ஓரிங், வாஷர் மாற்றும் செலவை விலையில் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.